பூண்டி ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சந்திப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது, "சார், நான் சிவில் படிச்சவன். வரலாறு எனக்குப் பத்தாம் வகுப்போட முடிஞ்சு போச்சு" என்றுதான் சொன்னேன். "அப்படின்னா சிவில் சம்பந்தமாவே எழுதுப்பா, பக்கம் காலியா இருக்கு" என்று பதில் வந்தது. பக்கத்தை நிரப்பத்தான் என்னைக் கூப்பிட்டார்கள் என்பது புரிந்தது. ஆனாலும் எழுத ஒரு விஷயம் இருந்தது. போன தை மாசம் எங்கள் பேட்சில் ஒன்பது பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூண்டிக்குப் போய்விட்டு வந்தோம். ஏரி பார்க்க, மீன் வறுவல் சாப்பிட, அவ்வளவுதான் திட்டம். திரும்பி வரும்போது வேனில் யாரும் அதிகம் பேசவில்லை. அதற்குக் காரணம் என்ன என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் பூண்டிகள் பல. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "ஞாயிறு காலை பூண்டி" என்று போட்டதும், ஒருவன் "மாதா கோயிலா? தஞ்சாவூர் வரைக்கும் ஒரு நாள்ல போய் வர முடியுமா?" என்று கேட்டான். இன்னொருவன், ஹாஸ்டலில் மெஸ் செக்ரட்டரியாக இருந்தவன், எதையும் கேட்காமல் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவனைத் தப்பு சொல்ல முடியாது. நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். "பூண்டி" என்றதும் என் கம்பெனி இருக்கும் ஊரைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். அவன் கதை பிறகு வருகிறது.

மற்ற எட்டுப் பேரும் திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கி, ஏற்பாடு செய்திருந்த வேனில் ஏறினோம். நேராகப் பூண்டிக்குப் போகாமல் முதலில் திருத்தணி ரோட்டில் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருப்பாச்சூருக்குப் போனோம். எங்களில் ஒருவன் திருவள்ளூர்க்காரன். கடைசி பெஞ்ச், அதிகம் பேசமாட்டான். அவன்தான் "மொதல்ல பாச்சூர் போயிட்டு வந்துடலாம், எங்க பாட்டி அங்கதான் இருந்தாங்க" என்றான். சரி, பாட்டி வீட்டில் காபி கிடைக்கும் என்று நாங்கள் நினைத்தோம். பாட்டி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

திருப்பாச்சூர் அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். சுவாமிக்கு வாசீஸ்வரர் என்று பெயர். பாசு என்றால் மூங்கில். மூங்கில் காட்டுக்குள் மறைந்திருந்த லிங்கத்தின் மேல் வாச்சி, அதாவது தச்சர்கள் மரம் செதுக்கும் அந்தக் கருவி, பட்டுத் தழும்பானதால் வாசீஸ்வரர் என்கிறது தலபுராணம். அம்மன் பெயர் தங்காதலி. "தன் காதலி" என்பதுதான் அப்படி ஆனதாம். கல்யாணமாகி எட்டு வருஷமான ஒருவன் இதைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டான். ஒரே இடத்தில் 11 பிள்ளையார்கள் சபை கூடினாற்போல் இருக்கிறார்கள். காலை வேளையில் எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். திருவள்ளூர் ஒரு பக்கம், காக்களூர் தொழிற்பேட்டை ஒரு பக்கம் என்று சுற்றிலும் லாரி ஓடிக்கொண்டிருக்க, கோயிலுக்குள் அணில் கத்துவது கேட்டது.

வெளியே வந்து வேனில் ஏறும்போது திருவள்ளூர்க்காரன் சொன்னான்: "எங்க பாட்டி இந்த ஊருக்கு எட்டு வயசுல வந்தாங்க. அவங்க ஊரு இது இல்ல. இப்ப நாம போறோமே, அதுதான்."

"பூண்டியா?"

"பூண்டி இல்லடா. பூண்டிக்கு உள்ள."

அந்த "உள்ள" என்ற வார்த்தையின் அர்த்தம் எங்களுக்கு அப்போது புரியவில்லை.

நண்பர்களே, எங்கள் பேட்ச் மூன்றாம் வருஷத்தில் பூண்டிக்கு ஏற்கெனவே ஒரு முறை போயிருக்கிறது. பூண்டியில் நீர்வளத்துறையின் நீரியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது சிவில் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். அணை, மதகு, முகத்துவாரம் முதலியவற்றின் சின்ன மாதிரிகளைத் திறந்தவெளியில் கட்டி, அதில் தண்ணீர் விட்டு, நிஜத்தில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே பார்ப்பார்கள். எங்கள் பேராசிரியர் ஃப்ரூட் எண் பற்றி அங்கே நின்று அரை மணி நேரம் விளக்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் கவனமெல்லாம் மதியம் தருவதாகச் சொன்ன பிரியாணியில். ரிப்போர்ட்டில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதி ஒரே மாதிரி மார்க் வாங்கினோம். அந்த ரிப்போர்ட்டில் கொள்ளளவு, நீளம், மதகு எண்ணிக்கை எல்லாம் இருந்தது. அந்தத் தண்ணீருக்கு அடியில் முன்பு என்ன இருந்தது என்ற கேள்வி இல்லை. அன்றைக்கு அந்தத் திருவள்ளூர்க்காரனும் எங்களோடுதான் இருந்தான்.

சரி, ஏரியின் கதைக்கு வருவோம். மெட்ராஸ் நகரத்துக்கு ஆதியிலிருந்தே தண்ணீர்க் கஷ்டம்தான். பெரிய நதி எதுவும் கிடையாது. கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க 18ஆம் நூற்றாண்டில் ஏழு கிணறு வெட்டினார்கள். இன்றும் அந்தப் பகுதிக்கு அதுதான் பெயர். பிறகு தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே தடுப்பணை போட்டு, அந்தத் தண்ணீரைச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் கொண்டுபோய், 1872 முதல் நகரத்துக்கு அனுப்பினார்கள். 1914இல் கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. ஆனால் ஊர் வளர்ந்துகொண்டே போனது. 1931இல் சுமார் 6.5 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1941இல் சுமார் 7.8 லட்சம். மழைக்காலத்தில் கொசஸ்தலையில் வரும் வெள்ளம் அப்படியே எண்ணூரில் கடலில் கலந்துவிடும். கோடையில் குழாயில் காற்றுதான் வரும்.

இந்த நேரத்தில்தான், 1939இல், தீரர் சத்தியமூர்த்தி மெட்ராஸ் மேயரானார். புதுக்கோட்டைப் பக்கம் திருமயத்துக்காரர். சட்டசபையில் அவர் பேச ஆரம்பித்தால் வெள்ளைக்கார அதிகாரிகள் நடுங்குவார்கள் என்று நம் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்போம். அவர் மேயரானபோது நிலைமை எப்படி இருந்தது என்று பாருங்கள். உலகப் போர் தொடங்கிவிட்டது. காங்கிரஸ் மந்திரி சபை அக்டோபர் 1939இல் ராஜினாமா செய்துவிட்டது. கவர்னர் ஆட்சி. அரசாங்கத்தை எதிர்த்து அரசியல் நடத்தும் ஒரு மனிதர், அதே அரசாங்கத்திடம் போய், போர்க்காலத்தில், "ஒரு நீர்த்தேக்கம் கட்டு" என்று கேட்டு, சம்மதிக்க வைக்கவும் செய்தார். 1940 ஆகஸ்ட் 8ஆம் தேதி கவர்னர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். நாலே வருஷத்தில், 1944இல், வேலை முடிந்து திறப்பு விழாவும் நடந்தது. இப்போது ஒரு மேம்பாலம் கட்ட எத்தனை வருஷம் ஆகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சத்தியமூர்த்தி அதைப் பார்க்கவில்லை. 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் கைதாகி, அமராவதி சிறைக்கு அனுப்பப்பட்டு, உடம்பு கெட்டு, 1943 மார்ச் 28ஆம் தேதி மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார். பிற்பாடு காமராஜர் தன் அரசியல் குருவின் பெயரையே ஏரிக்கு வைத்தார். பூண்டி ஏரியின் அரசாங்கப் பெயர் சத்தியமூர்த்தி சாகர் என்பது அதனால்தான்.

இந்த 1942 என்ற வருஷத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸ் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். மூர் மார்க்கெட் பக்கம் வண்டி கிடைக்காமல் அலைந்த கதைகளை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. கொஞ்ச நாளில் அநேகம் பேர் திரும்பி வந்து தங்கள் வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போனார்கள். அதே வருஷம் மெட்ராஸுக்கு மேற்கே ஐம்பது கிலோமீட்டரில் இன்னொரு ஊரும் காலியானது. அவர்கள் திரும்பி வரவில்லை. திரும்புவதற்கு ஊர் இல்லை.

அந்த ஊரின் பெயர் திருவெண்பாக்கம். திருவிளம்பூதூர் என்றும் சொல்வார்கள். தேவாரம் படித்தவர்களுக்கு இது புதிய பெயர் அல்ல. சுந்தரர் பாடிய ஊர் இது. கதை தெரியாத இளைய மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொண்டபோது, "உன்னை விட்டுப் பிரியமாட்டேன்" என்று சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்தார். வசந்த காலம் வந்தது. திருவாரூர் உற்சவ நினைப்பு வந்துவிட்டது. சத்தியத்தை மீறிப் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் தெரியாமல் போயிற்று. தட்டுத் தடுமாறி வரும் வழியில்தான் திருவெண்பாக்கம். "கோயிலுக்குள் இருக்கிறாயா?" என்று சுவாமியைக் கேட்டார். "இருக்கிறோம், நீ போ" என்று யாரோ மாதிரி பதில் வந்தது. கண்ணைத் தரவில்லை, ஊன்றிக்கொள்ள ஒரு கோல் மட்டும் தந்தார். அதனால் சுவாமிக்கு ஊன்றீஸ்வரர் என்று பெயர். சுந்தரர் கோபத்தில் அந்தக் கோலை வீச, அது நந்தியின் மேல் பட்டு ஒரு கொம்பு உடைந்ததாம். அம்மன் மட்டும் இரக்கப்பட்டு மின்னல் போல ஒளி காட்டி வழி அனுப்பினாள், மின்னொளி அம்மை. பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் திரும்பக் கிடைத்தன.

இந்தக் கோயிலும் ஊரும் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு உள்ளே மாட்டிக்கொண்டன. 1942இல் சுவாமியை அங்கிருந்து எடுத்தார்கள். ஏரிக்கரையில் இப்போதிருக்கும் இடத்தில் புதிதாகக் கோயில் கட்டி 1968இல் குடமுழுக்கு செய்தார்கள். நடுவில் 26 வருஷம். அரசாங்கம் நாலு வருஷத்தில் ஏரியைக் கட்டி முடித்துவிட்டது. சுவாமிக்கு ஒரு நிரந்தர வீடு கிடைக்க 26 வருஷம் ஆயிற்று. மனுஷர்களுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

நாங்கள் போனபோது ஏரி நிறைந்திருந்தது. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. கரை மேல் ஏறிப் பார்த்தால் மறுகரை லேசான நீலக் கோடாகத்தான் தெரிகிறது. நீர்க்காகங்கள் பட்டுப்போன மரக்கிளைகளில் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரீல்ஸ் எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார். அந்த அளவுக்கு எங்களுக்கு வயது தெரியவில்லை என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

கோயில் சின்னதுதான். நடை சாத்துவதற்குள் போய்விட்டோம். எதிரே கொம்பு உடைந்த நந்தி. கையில் கோலோடு சுந்தரர். நந்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒருவன், "ஷிஃப்ட் பண்ணும்போது உடைஞ்சிருக்கும்டா" என்றான். நான் உட்படச் சிலர் சிரித்தோம். திருவள்ளூர்க்காரன் சிரிக்கவில்லை. வெளியே வந்து படித்துறைப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் அவன் பேசினான். இரண்டு வருஷம் ஹாஸ்டலில் பக்கத்து அறையில் இருந்தும் அவன் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

"பாட்டிக்கு அப்ப எட்டு வயசு. ஊரைக் காலி பண்ணணும்னு ரெண்டு வருஷமாவே பேச்சாம். யாரும் நம்பலியாம். ஆத்துல வெள்ளம் வந்தா போயிடும், இது எங்க நிக்கப்போகுதுன்னாங்களாம். கடைசில மாட்டு வண்டில சாமான் ஏத்தினாங்க. அம்மியை ஏத்தினாங்க. ஆட்டுக்கல்லை ஏத்த முடியல, மாடு இழுக்காதுன்னு கொல்லையிலயே விட்டுட்டு வந்துட்டாங்க. பாட்டி சாகற வரைக்கும் அந்த ஆட்டுக்கல்லைப் பத்தித்தான் பேசுவாங்க. நிலத்தைப் பத்திப் பேசமாட்டாங்க, வீட்டைப் பத்திப் பேசமாட்டாங்க. என்ன பணம் கொடுத்தாங்க, யாருக்குக் கொடுத்தாங்க, ஒண்ணும் தெரியாது. 'நல்லா கொத்தின கல்லுடா, மாவு வெண்ணெயாட்டம் வரும்'னு அதை மட்டும் சொல்லுவாங்க."

"ஏரி வத்தினா தெரியுமா?"

"கோடையில நல்லா வத்தினா பழைய கோயில் கல்லெல்லாம் தெரியும்னு சொல்லுவாங்க. எங்கப்பா ஒரு தடவை பாட்டியைக் கூட்டிட்டு வரேன்னார். வரமாட்டேன்னுட்டாங்க. திருப்பாச்சூர்ல கல்யாணம் பண்ணிக் கொடுத்து அறுபது வருஷம் இருந்தாங்க. இங்க எவ்வளவு தூரம்? பஸ்ல அரை மணி நேரம். ஒரு தடவை கூட ஏரியைப் பார்க்க வரல."

"தேர்ட் இயர்ல வந்தோமே, அப்ப ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நந்தி கொம்பு மாதிரி இதையும் ஒரு ஜோக் ஆக்கியிருப்பீங்க" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இந்த இடத்தில் நான் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையில் நான் யுடிலிட்டீஸ் பிரிவில் இருக்கிறேன். கரண்ட், நீராவி, தண்ணீர் மூன்றும் தடையில்லாமல் வந்தால் என்னை யாரும் நினைக்கமாட்டார்கள். ஒன்று நின்றால் முதல் போன் எனக்குத்தான். 2019 கோடையை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அந்த ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் சேர்ந்து மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. தினமும் காலையில் பேப்பரில் ஏரி நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன், பரீட்சை ரிசல்ட் மாதிரி. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் லாரிக்காரர்களிடம் கெஞ்சியிருக்கிறேன். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கொசஸ்தலை, ஆரணியாற்றுப் படுகைக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து. அதே படுகையில்தான் மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சி உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. எந்த ஊரில் எவர் கிணறு என்று நான் கேட்டதில்லை. என் லாக் புத்தகத்தில் லாரி நம்பரும் லிட்டரும்தான் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. பூண்டியின் கொள்ளளவு 3231 மில்லியன் கன அடி. அதாவது 3.2 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேலே. லிட்டரில் சுமார் 9150 கோடி. சென்னைக்கு ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், பூண்டி முழுசாக நிறைந்திருந்தாலும், வெயிலில் ஒரு சொட்டுகூட ஆவியாகாது என்று வைத்துக்கொண்டாலும், 91 நாள். மூன்று மாசம்! மனசுக்குள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று மாசத்துக்கு ஒரு ஊரின் விலை சரியா, தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பூண்டி கட்டியிருக்காவிட்டால் மெட்ராஸ் இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. நாம் படித்து வேலைக்குப் போன இந்தத் தொழிற்பேட்டைகள் எல்லாம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். சத்தியமூர்த்தி செய்தது பெரிய காரியம். அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் அவர் பெயர் ஏரிக்கு இருக்கிறது. ஊரின் பெயர், தேவாரத்தை எடுத்துப் பார்த்தால்தான் இருக்கிறது. சுந்தரர் அன்றைக்கு அந்த வழியாக வந்திராவிட்டால் அதுவும் இருந்திருக்காது.

மணி ஒன்றரைக்கு, மெஸ் செக்ரட்டரி வியர்வையில் குளித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். கும்மிடிப்பூண்டியில் இறங்கி, விஷயம் தெரிந்து, ஊத்துக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்து பஸ் மாறி வந்திருக்கிறான். வந்ததும் வராததுமாக, "டேய், ஊத்துக்கோட்டைகிட்ட ஒரு கால்வாய் போகுது, தண்ணி என்னா வேகம்! எங்கேர்ந்துடா வருது?" என்றான். இவன் சிவிலா என்று சந்தேகம் வரும். மெக்கானிக்கல்.

அதுதான் கிருஷ்ணா தண்ணீர். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தங்கள் பங்கிலிருந்து தலா 5 டி.எம்.சி. மெட்ராஸுக்கு விட்டுத் தருவது என்று 1976இல் முடிவாயிற்று. 1983இல், இங்கே எம்.ஜி.ஆரும் அங்கே என்.டி.ஆரும் முதலமைச்சராக இருந்தபோது, தெலுங்கு கங்கைத் திட்டம் ஒப்பந்தமானது. வழியில் ஆகும் சேதாரம் போக 12 டி.எம்.சி. நமக்கு என்பது கணக்கு. 1996இல்தான் முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. கால்வாய்க் கரை சரிந்து, மண் உறிஞ்சி, பாதி வழியிலேயே தண்ணீர் காணாமல் போன நிலையில், புட்டபர்த்தி சத்ய சாய்பாபா 2002இல் அறிவித்துச் செய்து கொடுத்த சீரமைப்புக்குப் பிறகு நிலைமை தேறியது. அப்படியும் பேசிய 12 டி.எம்.சி. முழுசாக வருவது கானல் நீர்தான். கண்டலேறு அணையிலிருந்து ஊத்துக்கோட்டை எல்லை வரை சுமார் 150 கிலோமீட்டர். எல்லையிலிருந்து பூண்டி வரை சுமார் 25. ஆக, திருவெண்பாக்கத்தின் மேல் இன்று நிற்பது கொசஸ்தலைத் தண்ணீர் மட்டுமல்ல. மகாபலேஷ்வர் மலையில் பெய்த மழையும் அதில் கொஞ்சம் இருக்கிறது.

இதெல்லாம் தெரிந்த பிறகு மெஸ் செக்ரட்டரி கேட்ட ஒரே கேள்வி: "சாப்பாடு எங்க?" அவன் மாறவே இல்லை.

ஏரிக்கரைக் கடையில் ஜிலேபி மீன் வறுவல், சாதம், குழம்பு. ருசியில் குறை சொல்ல முடியாது. சாப்பிட்டு முடித்து, கை கழுவ மக்கில் தண்ணீர் மொண்டபோது, கடைக்கார அம்மாவிடம் நான் சும்மா கேட்டேன், "ஏரித் தண்ணியாம்மா இது?"

"ஏரித் தண்ணி மெட்ராசுக்குத்தான் தம்பி. இது போர் தண்ணி. கரண்ட் இருந்தாத்தான்" என்றார்.

அதற்கு மேல் பார்க்க இரண்டு இடம் உண்டு. பூண்டியில் 1985 முதல் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் 1863இல் முதலில் பல்லாவரத்திலும், அதே வருஷம் இந்தக் கொசஸ்தலைப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்திலும் கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளில் பழமையானவை சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கற்களைப் பார்த்தபோது எங்கள் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான் வந்தது. திருவள்ளூர்க்காரனே அதைச் சொல்லிவிட்டான்: "பதினஞ்சு லட்சம் வருஷத்துக் கல்லைத் தேடி எடுத்து வெச்சிருக்காங்க. எண்பது வருஷத்து ஆட்டுக்கல்லை யார் தேடுவாங்க?" இந்த முறை நாங்கள் சிரித்தது அவனோடு சேர்ந்து. குடியம் குகைக்குப் போக நேரமில்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை என்ற இரண்டு ஏரிகளை இணைத்து 2020இல் சென்னைக்கு ஐந்தாவது நீர்த்தேக்கம் திறந்தார்கள். அரை டி.எம்.சி. அதற்கும் விவசாயிகளிடம் நிலம் எடுத்தார்கள். என் கம்பெனியிலிருந்து பைக்கில் போகும் தூரம்தான். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரை அச்சாவதற்குள் ஒரு ஞாயிறு போய், யாரிடமாவது பேசிவிட்டு வர வேண்டும் என்று இருக்கிறேன்.

வேன் கிளம்பும் முன் திருவள்ளூர்க்காரன் மட்டும் இறங்கிப் படித்துறைக்குப் போனான். காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் கணுக்கால் அளவு நின்றான். தூரத்தில் எதையோ கை நீட்டி அளப்பது மாதிரி இருந்தது. வந்து உட்கார்ந்ததும், "எந்தப் பக்கம்னு பாட்டிகிட்ட கேட்டு வெச்சிருக்கலாம்" என்றான்.

போக விரும்பும் நண்பர்களுக்கு: சென்ட்ரலிலிருந்து அரக்கோணம், திருத்தணி செல்லும் மின்சார ரயிலில் திருவள்ளூரில் இறங்கவும் (கும்மிடிப்பூண்டி வண்டி அல்ல). திருப்பாச்சூருக்கும் பூண்டிக்கும் பஸ் உண்டு. இரண்டு கோயிலையும் காலையிலேயே பார்த்துவிட வேண்டும், மதியம் நடை சாத்திவிடுவார்கள். நீரியல் நிலையத்தைப் பார்க்க வேண்டுமானால் மாணவர்கள் கல்லூரிக் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது. ஏரியில் இறங்கிக் குளிக்க வேண்டாம்; அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டு போங்கள்.